தோல் பார்க்கிறவள்

முதல் வாந்தி ஐந்தரைக்கு.
கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி
தோள்பையைக்கூட கழற்றவில்லை,
காப்பகத்தில் ஊட்டிய பருப்புசாதம்
என் யூனிஃபார்மில் வந்து சேர்ந்தது.
பிள்ளை என்றால் கக்கும் என்று
துடைத்துவிட்டு டீ போட்டேன்.

இரண்டாவது ஆறேகால்.
மூன்றாவதில் பால் திரிதிரியாய்.
ஜோடிக்கணக்கு எழுதிப் பழகிய கை
காலண்டர் அட்டையின் பின்பக்கம்
கோடு போடத் தொடங்கியது.
இவன் அப்பா லோடோடு
ஓசூர் தாண்டியிருப்பார். போன் போகவில்லை.

பொட்டலத்து உப்புச்சர்க்கரையைக் கரைத்து
டம்ளரோடு கொடுத்தது என் தப்பு.
ஒரே மூச்சில் குடித்தான்.
ஒரே மூச்சில் திருப்பித் தந்தான்.
பத்து நிமிஷம் விட்டு, அப்புறம் ஸ்பூன்.
ஒரு ஸ்பூன். கடிகாரம்.
ஒரு ஸ்பூன். கடிகாரம்.
கால்வாசி உள்ளே, மீதி கழுத்தில்.

"பல்லு மொளைக்குதுடி" என்றாள் எதிர்வீட்டு கன்னியம்மா.
"வெயிலு இன்னா அடி அடிக்குது, புள்ள இன்னா பண்ணும்."
துத்திப்பட்டு முழுக்க அன்று கரண்டில்லை.
விசிறிக்கொண்டே ஐந்தாவது கோட்டைப் போட்டேன்.

ஒன்பதரைக்கு வாந்தி நின்றது.
அழுகையும் நின்றது.
"பாத்தியா, தூங்கிட்டான். எழுப்பாத" என்று
கன்னியம்மா கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.
நானும் கொஞ்சம் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.
இரண்டு வாய்.
தட்டை வைத்துவிட்டு
அவன் துணிக்குள் கைவிட்டேன்.

மொடமொடவென்று,
கொடியிலிருந்து எடுத்ததுபோல.

காப்பகத்து ஆயாவை எழுப்பிக் கேட்டேன்.
"மூணு மணிக்கு மாத்தினேம்மா, அப்புறம் நனைக்கல."
மணி பதினொன்று ஆகப்போகிறது.

எழுப்பினேன். வாயைத் திறந்தான்.
எண்ணெய் போடாத கீல்போல ஒரு சத்தம்.
கண்ணில் ஒரு சொட்டு இல்லை.
உச்சிக்குழி
என் கட்டைவிரல் கொள்கிற அளவு பள்ளம்.

நான் செக்கிங் பிரிவில் ஆறு வருஷம்.
தோலை இரண்டு விரலால் கிள்ளி விடுவேன்,
சட்டென்று படிந்தால் பாஸ்.
மடிப்பு நின்றால் ஓரமாகத் தள்ளிவிடுவேன்.
ஒரு நாளைக்கு எண்ணூறு துண்டு, யோசிக்காமல்.

அவன் வயிற்றில்
அதே இரண்டு விரல்.

மடிப்பு நின்றது.
பிறகுதான், மெதுவாக,
யாரோ கூப்பிட்டு வருவதுபோல் படிந்தது.

முனாஃபின் ஆட்டோ பாலாற்றுப் பாலத்தில் போனபோது
கீழே மணல்,
மணலில் லாரித் தடம்.
நான் ஸ்பூனையும் பாட்டிலையும் விடவில்லை.
ஒவ்வொரு குலுக்கலுக்கும் பாதி சிந்தியது.

ராத்திரி டியூட்டி டாக்டரம்மா
என்னைவிடச் சின்னவள்.
"பச்சையா எடுத்தானா?" இல்லை.
"ரத்தம்?" இல்லை.
"எங்கியாவது விழுந்து தலையில அடி?" இல்லை மேடம்.
ஒவ்வொன்றுக்கும் உள்ளே எனக்கு நடுங்கியது,
பச்சைக்கு ஓடி வரவேண்டும் என்று
இதுவரை யாரும் சொன்னதில்லையே.
கோடு போட்ட அட்டையை நீட்டினேன். பார்த்தாள்.
"கடைசியா எப்ப மூத்திரம் போனான்?"
மூணு மணி.
பேனாவை மூடிவிட்டு எழுந்தாள்.
"எட்டு மணி நேரம். இன்னும் முன்னாடியே வந்திருக்கணும்" என்றாள்,
திட்டுவதுபோல் இல்லை.
அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நரம்பு கிடைக்க மூன்று முறை குத்தினார்கள்.
மூன்றாவது குத்துக்கு அழுதான்,
அழட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.
சொட்டு. சொட்டு.
நாலு இருபதுக்கு என் மடி சுட்டது.
முதலில் டிரிப் கழன்றுவிட்டது என்று நினைத்தேன்.
இல்லை.
முந்தானை, பாவாடை, பெஞ்சு, தரை.
நகரவே இல்லை நான்.

இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்ததும்
கன்னியம்மா கேட்டாள்:
"மொத்தம் எத்தினி வாட்டிடி எடுத்தான்?"
அஞ்சு, என்றேன்.
அப்புறம் ஒன்று, என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.